கர்ப்பிணிக்கு வைட்டமின் ஏ: சாப்பிட்டால் மட்டும் போதுமா, உடம்பில் சேர வேண்டாமா?

என் தங்கைக்கு இப்போது ஐந்தாம் மாதம். மாமியார் வீடு பெரம்பூரில். போன வாரம் போனில் தன் சாப்பாட்டு அட்டவணையைப் பெருமையாக ஒப்பித்தாள்: காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கேரட் ஜூஸ், மதியம் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் வேகவைத்த கீரை, ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல் வறுவல், அப்புறம் யாரோ தெரிந்தவர் வாங்கிக் கொடுத்த மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை. எல்லாமே "வைட்டமின் ஏ நல்லது, குழந்தைக்குக் கண் நன்றாக இருக்கும்" என்ற கணக்கில். முதல் இரண்டில் இருக்கும் சத்தில் பெரும்பகுதி உடம்பில் ஏறாமலே வெளியே போய்விடும். கடைசி இரண்டு தேவைக்கு மேல் ஏறிவிடும். அவளுக்கு அரை மணி நேரம் விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவள், டாக்டர் இல்லை. மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஏ நம் தட்டுக்கு இரண்டு வேஷத்தில் வருகிறது. ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால், நெய் ஆகியவற்றில் ரெட்டினாலாக, அதாவது தயார் நிலையில் இருக்கிறது. கீரை, கேரட், பரங்கிக்காய், மாம்பழம், பப்பாளியில் இருப்பது பீட்டா கரோட்டின் மாதிரியான மூலப்பொருள். அதை நம் குடல் வெட்டி ரெட்டினாலாக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வெட்டும் வேலைக்கு உடம்பு ஒரு பிரேக் வைத்திருக்கிறது. சத்து போதுமான அளவு இருந்தால் குடல் கரோட்டினை உள்ளே எடுப்பதையும் வெட்டுவதையும் குறைத்துவிடும். தயார் ரெட்டினாலுக்கு அந்த பிரேக் கிடையாது, வந்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். கர்ப்ப காலத்தில் எதற்குப் பயப்படணும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வாயிலிருந்து கல்லீரல் வரை

வைட்டமின் ஏ தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை நன்றாக ஊற்றும், கணையத்தின் நொதிகளும் வேலையில் இறங்கும். பித்தநீர் அந்தக் கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கும்போது, ரெட்டினாலும் கரோட்டினும் அந்தத் துளிகளில் ஏறிக் குடல் சுவருக்குப் போய்ச் சேருகின்றன. கொழுப்பே இல்லாத கேரட் ஜூஸில் ஏறுவதற்கு வண்டி இல்லை, அவ்வளவுதான் சங்கதி. (ஜூஸாக அரைத்ததில் கேரட்டின் செல்கள் உடைந்தது நல்ல விஷயம். அதை மறுக்கவில்லை. ஆனால் அது பாதி வேலைதான்.)

குடல் சுவருக்குள் கரோட்டின் வெட்டப்பட்டு ரெட்டினாலாக மாறும். பிறகு அது ஒரு கொழுப்பு அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, கைலோமைக்ரான் என்ற பெரிய கொழுப்பு உருண்டைக்குள் மூட்டை கட்டப்படும். சர்க்கரையும் புரதமும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். இந்த உருண்டை அப்படிப் போகாது. நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சு வழியாக மேலே போய், இடது காறை எலும்புக்குப் பக்கத்தில்தான் ரத்தத்தில் கலக்கும். அங்கிருந்து ஊரைச் சுற்றி, கொழுப்பை வழியில் இறக்கிவிட்டு, மிச்ச மூட்டையோடு கல்லீரலுக்கு வந்து சேரும்.

கல்லீரல்தான் இந்தச் சரக்குக்குக் கோயம்பேடு. நல்ல சத்தோடு இருக்கும் ஒருவரின் உடம்பில் உள்ள மொத்த வைட்டமின் ஏயில் எழுபது, எண்பது சதவீதம், சில சமயம் அதற்கும் மேல், அங்கேதான் குவிந்திருக்கும். அதற்கென்றே தனியாகச் செல்கள் இருக்கின்றன. மாதக்கணக்கில் தாங்கும் இருப்பு அது. முதல் மூன்று மாதத்தில் வாந்தி வந்து, கீரை வாசனையே ஆகாமல் கிடக்கும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே ஓரளவு சாப்பிட்டு வந்திருந்தால் அந்தச் சில வாரங்களில் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது, இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கல்லீரலிலிருந்து குழந்தை வரை

வந்தது லாரியில், ஆனால் வெளியே போவது பைக் டாக்ஸியில். கல்லீரல் ஆர்.பி.பி. என்ற ஒரு சின்னப் புரதத்தைத் தயாரித்து, ஒரு புரதத்துக்கு ஒரே ஒரு ரெட்டினால் என்று ஏற்றி அனுப்பும். தனியாக விட்டால் அது மிகச் சின்னது என்பதால் சிறுநீரகச் சல்லடையில் நழுவி வெளியேறிவிடும். அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொரு பெரிய புரதமும் கூடவே துணைக்கு வரும்.

இங்கேதான் நிறையப் பேர் கவனிக்காத விஷயம் இருக்கிறது. வண்டியே புரதத்தால் ஆனது, அதைச் செய்யத் துத்தநாகமும் வேண்டும். குடோனில் சரக்கு நிறைய இருந்தும் வண்டி இல்லாவிட்டால் வெளியே போகாது. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி இட்லி என்று பருப்பு, முட்டை, சுண்டல், மீன் எதுவுமில்லாமல் ஓட்டுகிற பெண்ணுக்கு எவ்வளவு கீரை கொடுத்தாலும் அந்தச் சத்து முழுதாக வேலைக்கு வராது.

நஞ்சுக்கொடி வரைக்கும் அம்மாவின் பைக் டாக்ஸி வரும். அதற்கு மேல் அனுமதி கிடையாது. ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செக்யூரிட்டி வண்டியை கேட்டிலேயே நிறுத்திவிட்டு ஆளை மட்டும் உள்ளே விடுவார் இல்லையா, அதே மாதிரி அம்மாவின் ஆர்.பி.பி. நஞ்சுக்கொடியைத் தாண்டாது, ரெட்டினால் மட்டும் இறங்கி உள்ளே போகும். உள்ளே குழந்தையின் கல்லீரல் வளர்ந்து தனக்கான ஆர்.பி.பி.யைத் தானே செய்துகொள்ளும். அம்மா சாப்பிட்ட உடனே ரத்தத்தில் சுற்றும் அந்தக் கொழுப்பு உருண்டைகளிலிருந்தும் நஞ்சுக்கொடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

அந்த ரெட்டினாலில் ஒரு துளியூண்டு பங்கு ரெட்டினோயிக் அமிலமாக மாறி, செல்லின் மரபணுக்களுக்கு "நீ இதயமாகு, நீ கையாகு, நீ கண்ணாகு" என்று கட்டளை போடுகிறது. கண்ணுக்கு மட்டுமான சத்து என்று நினைப்பது பாதி உண்மைதான். இதயம், நுரையீரல், மூளை, முகம் எல்லாமே இந்தக் கட்டளைக்குக் காத்திருக்கின்றன. குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். கூடினால் வரும் ஆபத்து முதல் எட்டு, ஒன்பது வாரத்தில்தான் அதிகம். பலருக்கு அந்தச் சமயத்தில் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

சரி, சமையலறையில் என்ன செய்யணும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 900 மைக்ரோகிராம். சாதாரணப் பெண்ணுக்கு 840, பாலூட்டும் தாய்க்கு 950. அதாவது கர்ப்பத்துக்காகக் கூடுதலாகத் தேவைப்படுவது வெறும் 60 தான். "இரண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று சொல்கிற மாமியார்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம், ஆனால் பயன் இருக்குமா என்று கேட்காதீர்கள்.

கணக்கை நம் வீட்டுச் சாப்பாட்டில் போட்டுப் பார்ப்போம். சமையல் எண்ணெய் பாக்கெட்டில் ‘+எஃப்’ என்று நீலக் குறி இருந்தால் அதில் வைட்டமின் ஏ, டி சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விதிப்படி ஒரு கிராம் எண்ணெயில் 6 முதல் 9.9 மைக்ரோகிராம் வரை. நாலு டீஸ்பூன், அதாவது சுமார் 20 கிராம் எண்ணெயில் 120-க்குக் குறையாது. சமைக்கும்போது கொஞ்சம் போகும், வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் நிறையவே போகும். அதே குறி உள்ள பாலில் லிட்டருக்கு 270 முதல் 450 வரை. இரண்டு டம்ளர் குடித்தால் நூற்றுச் சொச்சம். ஒரு முட்டையில் சுமார் 80. ஒரு ஸ்பூன் நெய்யில் 40 பக்கம். ஆக, அதிகம் மெனக்கெடாமலே முந்நூறைத் தாண்டியாகிவிட்டது. மரச்செக்கு எண்ணெய்தான் வாங்குவேன் என்பவர்கள் தாராளமாக வாங்குங்கள், ருசியே தனி. ஆனால் அதில் சேர்த்த வைட்டமின் இருக்காது, அது வண்டி மட்டும்தான், சரக்கை நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

மிச்சம் அறுநூறு கீரையும் மஞ்சள் காயும் தர வேண்டியது. உணவில் இருக்கும் பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சமம் என்று கணக்கு வைக்கிறார்கள். 100 கிராம் கேரட்டில் ரகத்தைப் பொறுத்து 5,000 முதல் 8,000 வரை இருக்கும். பன்னிரண்டால் வகுத்தால் 400-லிருந்து 650 வரை. பார்க்க நிறைய மாதிரி தெரிந்தாலும், இது ஒழுங்காகச் சமைத்து, கொழுப்போடு சாப்பிட்டால்தான் கிடைக்கும்.

அந்த ‘ஒழுங்காக’ என்பதற்கு நம் பாட்டிகள் மண்சட்டியும் மத்தும் வைத்திருந்தார்கள். கரோட்டின் இலையின் செல்லுக்குள் புரதத்தோடு பின்னிக் கிடக்கிறது, அது வெளியே வர இலை வெந்து, நசுங்க வேண்டும். அரைக்கீரையையோ முளைக்கீரையையோ குழைய வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து மத்தால் கடைந்து, தாளித்துக் கொட்டி, சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுகிறோமே, அதில் நான் மேலே சொன்ன எல்லாமே அடங்கிவிட்டது: செல் உடைந்தது, கொழுப்பு வந்தது, பருப்பிலிருந்து வண்டிக்கான புரதமும் துத்தநாகமும் வந்தன. ஒரு டயட் சார்ட்டும் இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி. மத்து இல்லாதவர்கள் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள், போதும்.

கொழுப்பு நிறைய வேண்டாம். அந்த வேளைச் சாப்பாட்டில் மொத்தம் ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ இருந்தால் வேலை நடந்துவிடும். சர்க்கரை இருப்பவர்களும் எடை கூடுகிறது என்று பயப்படுபவர்களும் இந்த ஒரு ஸ்பூனை மட்டும் வெட்டாதீர்கள். அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் ஆவின் நெய் வருகிறது. அதை மற்றவர்கள் தோசைக்கு ஊற்றிக்கொள்ளாமல் கர்ப்பிணியின் கீரை சாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அதே பெட்டகத்தில் வரும் குடற்புழு மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு, குடலில் புழு இருந்தால் கொழுப்பும் அதில் கரைந்த சத்தும் சரியாக ஏறாது. அதை முதல் மூன்று மாதம் முடிந்த பிறகு, செவிலியரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

முருங்கைக்கீரைப் பொடி செய்பவர்கள் மொட்டை மாடி வெயிலில் காயப்போடாதீர்கள். சென்னை வெயிலில் ஒரே நாளில் சரசரவென்று காய்ந்துவிடும்தான், ஆனால் வெளிச்சம் கரோட்டினைத் தின்றுவிடும். நிழலில், ஃபேனுக்கு அடியில் உலர்த்துங்கள். சமைக்கும்போது மூடி போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரைவள்ளியில் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பதில்தான் கரோட்டின் நிறைய இருக்கிறது, நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் வெள்ளையில் பெரிதாக ஒன்றுமில்லை. பீட்ரூட்டின் சிவப்புக்கும் தக்காளியின் சிவப்புக்கும் வைட்டமின் ஏவோடு சம்பந்தமில்லை (தக்காளியில் கரோட்டின் கொஞ்சம் தனியாக இருக்கிறது, அது வேறு). நன்றாகப் பழுத்த பப்பாளி நல்ல மூலம்தான். காயில் இருக்கும் பால்தான் பிரச்சினை. ஆனால் இதற்காக வீட்டில் சண்டை போட வேண்டாம். பப்பாளி என்றாலே அத்தை முகம் மாறினால் பரங்கிக்காய்க் கூட்டு வையுங்கள், உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

கீரை, கேரட் அதிகமானால் கெடுதலா? இல்லை, பிரேக் இருக்கிறதே. மிஞ்சிப்போனால் உள்ளங்கை மஞ்சளாகும், அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். ஆனால் கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளானால் அது கேரட் இல்லை, மஞ்சள் காமாலை. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அதே மாதிரி கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி தூங்க விடாத அரிப்பு வந்தால் பித்தநீர் தேங்கியிருக்கலாம், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

ஈரல், மாத்திரை, முகத்துக்குப் போடும் கிரீம்

"ஈரல் சாப்பிட்டால் ரத்தம் ஊறும்" என்பது பொய் இல்லை, இரும்புச்சத்து உண்மையிலேயே நிறைய இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கோயம்பேட்டை நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்கும் குடோன் அங்கேதான். அது ஆயுள் முழுக்கத் தின்ற தழையிலிருந்து மிச்சம் பிடித்த வைட்டமின் ஏ தயார் ரெட்டினாலாக அங்கே குவிந்திருக்கிறது. 100 கிராம் ஆட்டு ஈரலில் சர்வசாதாரணமாகப் பல ஆயிரம் மைக்ரோகிராம் இருக்கும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கான உச்சவரம்பு 3,000. அதனால்தான் பிரிட்டனில் கர்ப்பிணிகள் ஈரலைத் தொடவே வேண்டாம் என்று சொல்கிறார்கள். ரத்தத்துக்காகத்தான் என்றால் கறிக்கடையில் சுவரொட்டி கேளுங்கள், நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். அது மண்ணீரல், இரும்பு உண்டு, வைட்டமின் ஏ குவிந்துகிடக்கும் உறுப்பு இல்லை. டாக்டர் தரும் இரும்பு மாத்திரைக்கு மாற்றாக எதையும் வைக்காதீர்கள். வைட்டமின் ஏ குறைவாக இருந்தால் சேமிப்பில் உள்ள இரும்பும் சரியாக வெளியே வராது, இரண்டும் கைகோத்துதான் போகும்.

மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஐ.யு. (சர்வதேச அலகு) என்று போட்டிருந்தால் 0.3-ஆல் பெருக்குங்கள், மைக்ரோகிராம் வந்துவிடும். 10,000 ஐ.யு. என்றால் 3,000 மைக்ரோகிராம், அதுதான் அந்த உச்சவரம்பு. பெயர் ரெட்டினைல் அசிடேட், ரெட்டினைல் பால்மிடேட் என்றிருந்தால் அது தயார் சரக்கு. பீட்டா கரோட்டின் என்றிருந்தால் கவலை குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அளவோடுதான் தெரியும், ஆனால் மல்டிவைட்டமின், கர்ப்பிணிகளுக்கான புரதப் பவுடர், யாரோ கொடுத்த இன்னொரு மாத்திரை என்று மூன்றையும் கூட்டினால் எண் எகிறும். மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றில்லை. மீன் ஈரல் எண்ணெய் ஒரு டீஸ்பூனிலேயே சுமார் 4,500 ஐ.யு. இருக்கும். என் தங்கை அந்த டப்பாவை அன்றைக்கே மூடி வைத்துவிட்டாள்.

பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினோயின் இதையெல்லாம் விட மோசம். குடல், கல்லீரல், பைக் டாக்ஸி என்ற கட்டுப்பாடு எதுவுமில்லாமல், கட்டளை போடும் அமிலமே நேராக உள்ளே போகிறது. அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் கர்ப்பத்துக்கு முயல வேண்டும். சோரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டினுக்கு மூன்று வருடம். ரெட்டினால் சேர்த்த நைட் கிரீம்கள் தோல் வழியாக ஏறுவது குறைவுதான், ஆனாலும் இந்த ஒன்பது மாதமும் வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். அழகு கிரீமில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியாது, பின்பக்கப் பொடி எழுத்தை நீங்களேதான் படிக்கணும்.

மலச்சிக்கலுக்கு வாங்கும் சிரப்பில் லிக்விட் பாரஃபின் இருந்தால் அது குடலில் வைட்டமின் ஏயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உறிஞ்சும் இடமே குறைந்திருக்கும். இந்தக் கட்டுரையை நம்பாமல் தனியாக ஆலோசனை கேளுங்கள்.

வளைகாப்புக்கு அப்புறம்

குழந்தை தன் கல்லீரலில் இருப்பு வைக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். அம்மாவின் இருப்பு குறைவாக இருந்தால் மாலைக்கண் எட்டிப்பார்ப்பதும் அப்போதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் படி தெரியவில்லை, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் இடித்துக்கொள்கிறேன் என்று கர்ப்பிணி சொன்னால் "அசதி" என்று தள்ளிவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், குறைந்த அளவாகப் பிரித்துக் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் குறைபாடு அதிகமாக உள்ள இடங்களில் மட்டும்தான் தினம் 10,000 ஐ.யு.வுக்குள், அல்லது வாரம் 25,000-க்குள் என்று வரம்பு போட்டுக் கொடுக்கச் சொல்கிறது, எல்லாக் கர்ப்பிணிக்கும் இல்லை.

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் "வைட்டமின் ஏ"யும் சேர்த்து விற்கிறார்களே, அதற்காகக் காசு கட்ட வேண்டாம் என்பேன். கல்லீரல் தன் இருப்பு வற்றும் வரை ரத்தத்தின் அளவைச் சரியாகவே காட்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர் அளவு கூடுவதால் எண் தானாகவும் கொஞ்சம் இறங்கும், ஒரு காய்ச்சல் வந்தாலும் இறங்கும். அறிகுறி இருந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் எடுங்கள்.

எவ்வளவு நன்றாகச் சாப்பிட்ட அம்மாவின் குழந்தையும் பிறக்கும்போது குறைந்த இருப்போடுதான் பிறக்கும். நஞ்சுக்கொடி அளந்துதான் விடுகிறது. மீதிக் கணக்கைச் சீம்பால் தீர்க்கும். அதன் மஞ்சள் நிறமே கரோட்டின்தான், அம்மா சாப்பிட்ட கீரையும் பரங்கிக்காயும்தான். அதைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பாட்டி இன்னும் சில வீடுகளில் இருக்கிறார். அப்புறம் ஒன்பதாம் மாதம் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசியோடு குழந்தைக்கு ஒரு லட்சம் ஐ.யு. சொட்டு மருந்து கொடுப்பார்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம், ஐந்து வயது வரை. அது குழந்தைக்கான அளவு. அந்தச் சமயத்தில் அம்மா மறுபடி கர்ப்பமாக இருந்தால், சத்து மருந்துதானே என்று அதில் ஒரு துளிகூட வாயில் விட்டுக்கொள்ளக் கூடாது.